எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளிக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி?

"இந்த வயசுல எனக்கெதுக்குங்க கண்ணு படிப்பு?" திருப்பூரில் பின்னலாடைப் பிரிவொன்றின் மேற்பார்வையாளராக இருந்தபோது, தையல்காரருக்குத் துணையாக நிற்கும் கைமடி வேலை செய்த அம்மா ஒருவரிடமிருந்து இந்தப் பதிலை மூன்று முறை கேட்டேன். தைத்த ஆடையில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு மாறினால் கூலி கூடும் என்று சொல்லியும் அவர் இசையவில்லை. முன்னேற விருப்பமில்லாதவர் என்று நானும் முடிவு கட்டினேன். எஸ், எம், எல் அளவுகளை அவர் ஒட்டுச்சீட்டின் நிறத்தைக் கொண்டே பிரித்து வந்தார் என்பதும், எல்லாச் சீட்டும் வெள்ளையாக வந்த ஓர் ஆர்டரின்போது வயிற்றுவலி என்று விடுப்பெடுத்தது ஏன் என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கின. செக்கிங் என்றால் பண்டல் எண்ணையும் குறையையும் சீட்டில் எழுத வேண்டும். அவர் அஞ்சியது அந்தச் சீட்டுக்கு.

ஆகவே, வேண்டாம் என்ற சொல்லை முதலில் சோம்பலாக எண்ணாதீர்கள். கண்ணாடியை மறந்துவிட்டேன், பேரனிடம் காட்டிக்கொள்கிறேன் என்பவை மானத்தைக் காத்துக்கொள்ளும் வழிகள். பிறர் முன்னிலையில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கைநாட்டு என்ற சொல் விளையாட்டாகக்கூட வாயில் வரக் கூடாது. தனியாக அமர்ந்து, கற்றாலும் கற்காவிட்டாலும் இப்போதுள்ள வேலைக்குக் குறைவு வராது என்று உறுதி கூறிவிட்டு, படிக்கத் தெரியாததால் அன்றாடம் எங்கே இடறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

எழுத்தைத் தொடுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்றே பெயர். ஆனால் எழுத்தையே பார்த்திராதவருக்கு அது வந்திருப்பது எப்படித் தெரியும்? ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுகிறாரா என்று கவனித்து, தேவைப்பட்டால் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி இல்லாமல் தொடங்கினால், எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாததை, எழுத்து மனத்தில் ஏறவில்லை என்று அவரும் நீங்களும் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் மாட்டாதீர்கள். ட, ப, ம என்று தொடங்குங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் வலப்பக்கம் ஒரு கோடு போட்டால் ட. அதன் வலமுனையிலிருந்து மேலே இன்னொரு கோடு எழுப்பினால் ப. அந்தக் கோட்டை உள்நோக்கி வளைத்தால் ம. புள்ளியையும் சேர்த்துக் கற்றால் படம், மடம், பட்டம் ஆகியவை முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். நான் குறிப்பிட்ட அம்மா நாள்தோறும் ஊருக்குப் போகும் பேருந்தை யாரிடமாவது கேட்டே ஏறுவார். ல என்ற ஒரே எழுத்தைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தேன். ப, ல், ல, ட, ம்: அன்று மாலை பேருந்தின் நெற்றியில் இருந்த பல்லடம் என்ற பெயரை அவரே வாசித்துவிட்டு ஏறினார். மறுநாள் பாடத்துக்கு நான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. உங்கள் மாணவருக்கான பல்லடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அடுத்துத் துணைக்காலைக் கொடுங்கள்; அது எல்லா மெய்க்கும் ஒரே மாதிரி சேர்வதால் பட்டா, மாடம், பாலம் என்று சொற்கள் பெருகும். கு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர வரிசையையும், முன்னே நின்று பின்னே ஒலிக்கும் கொம்பையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கை பென்சிலை அழுத்தி முனையை முறித்துவிடும் என்பதால், வெட்டுத் துணியில் தையல் சாக்பீஸால் எழுதப் பழக்கினேன், நன்றாகவே பயன்பட்டது. எண்களுக்கு அதிக நேரம் தேவையில்லை. ரூபாய்த் தாள், சீட்டுக் கணக்கு, வட்டி ஆகியவற்றில் அவர்கள் மனக்கணக்கு பெரும்பாலும் நம்முடையதைவிடக் கூர்மையானது.

நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் அது வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், உழைப்பவர் பாடத்துக்காகக் கூலியை இழந்தால் மூன்றாம் நாள் வரமாட்டார், வரவும் கூடாது. எண்ணும், ஓட்டை, கறை, தையல் என்ற சொற்களும் தெரிந்ததுமே செக்கிங் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். முழுதும் கற்ற பிறகு வேலை என்று காத்திருந்தால் ஆர்வம் வடிந்துவிடும். முதல் மாதத் தவறுகளை நீங்களே அமைதியாகத் திருத்துங்கள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அதனுடன் இணைத்தார். கற்றதன் பலன் அன்றாட வாழ்வில் உடனே தெரிய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். இப்போது 15 வயதைக் கடந்தவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் மையத்தைப் பற்றி விசாரிக்கலாம்.

எவ்வளவு சொல்லியும் சிலர் மறுப்பார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள். மின்சாரம், சாயம், ரசாயனம் பற்றிய எச்சரிக்கைகளை மட்டும் நிறத்தாலும் வாய்மொழியாலும் அவர்களுக்குக் கட்டாயம் பழக்குங்கள்.

பெயர் எழுத வந்ததும் பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். ரேகை வைப்பவருக்கு எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும் வழக்கமாவது உண்டு. கையெழுத்திடுபவர் படித்துவிட்டார் என்றே எல்லோரும் கொள்வார்கள். எனவே சம்பளச் சீட்டையே பாடநூலாக்கி, வேலை நாள்கள், மிகுநேரம் (ஓவர்டைம்), பிடித்தம் ஆகிய மூன்று கட்டங்களையும் அவரே உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடச் சொல்லுங்கள்.