சுண்டு விரலும் மரத்துப்போகிறதா?

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தையல்காரிக்குத் தூக்கம் ஏது? போன வருடம் படுக்க நேரம் கிடைத்தும் கை விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மரத்து, ஊசி குத்துவதுபோல் எழுப்பிவிடும். உட்கார்ந்து உதறினால் சரியாகும், மறுபடி படுத்தால் அதே கதை.

சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிடச் சொன்னேன். இரண்டு மாதம் வீண். பிறகு பார்த்த எலும்பு டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "சுண்டு விரலும் மரத்துப்போகுதாம்மா?" யோசித்துப் பார்த்தால், இல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுதான். கை மரத்தாலோ வலித்தாலோ நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. பாவாடையில் நாடா கோர்க்கிற பட்டிக்குள் பத்து நாடாவைத் திணித்த மாதிரி. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்பு. இதற்குப் பெயர் கார்ப்பல் டனல். கர்ப்பம், சர்க்கரை, தைராய்டு குறைவு ஆகியவற்றாலும் வரலாம். அதனால் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். எனக்குத் தைராய்டு குறைவு இருந்தது அன்றுதான் தெரிந்தது. கத்தரியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்!

தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிவிடுகிறோம், அப்போது அழுத்தம் கூடும். அதற்குத்தான் ராத்திரியில் ஸ்பிளிண்ட், அதாவது மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கும் கட்டு. நான் முதலில் கடையில் வாங்கியது வெறும் எலாஸ்டிக் பட்டை. கை அதற்குள்ளேயே தாராளமாக மடங்கியது. உள்ளங்கைப் பக்கம் தகடு வைத்ததாக வாங்குங்கள். அந்தத் தகடு மேல்நோக்கி வளைந்திருந்தால், மணிக்கட்டு நேராக இருக்கும்படி நிமிர்த்திக்கொள்ளுங்கள். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும், பட்டை தடம் பதிகிற அளவு இறுக்கக் கூடாது. ஆறு வாரமாவது விடாமல் போடுங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் முழு ராத்திரித் தூக்கம் வந்தது.

பகலில் வேலையை மாற்றினேன். கத்தரிக்குச் சாணை பிடித்தேன். ஆறு லைனிங் துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவதை விட்டு, இரண்டிரண்டாக வெட்டுகிறேன். கொக்கி வைப்பதை அரை மணிக்கு மேல் தொடர்ந்து செய்வதில்லை.

பட்டன் போட முடியாமல் விரல் தடுமாறினாலோ, கட்டை விரலடிச் சதை வற்றினாலோ ஸ்பிளிண்ட்டை நம்பி நாள் கடத்தாதீர்கள். நரம்புப் பரிசோதனை செய்து பார்த்து, ஊசியோ மணிக்கட்டுக்குள் இருக்கும் அந்தக் கெட்டியான பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை சிகிச்சையோ சொல்வார்கள்.

என் நாத்தனாருக்கு வந்தது வேறு. குழந்தை பிறந்த இரண்டாம் மாதம், கட்டை விரல் பக்கத்து மணிக்கட்டில் சுள்ளென்று வலி. கட்டை விரலை உள்ளே வைத்து மெதுவாக முஷ்டி மடக்கி, சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்தால் உயிர் போகும். 1895-இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து மருத்துவரின் பெயரால் டி குவெர்வைன் என்கிறார்கள். குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், அடியில் முன்கையைக் கொடுத்து அள்ளித் தூக்கச் சொன்னார்கள். கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டாள்.

சுண்டு விரல் மரத்தால் முழங்கையைப் பாருங்கள், மேஜையில் ஊன்றுவதும் மடக்கியபடி போன் பேசுவதும் காரணமாகலாம். போர்வை பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அது டென்னிஸ் எல்போ, டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் வரும். உள்ளங்கை மேலே பார்த்தபடி பொருளைத் தூக்கினால் வலி குறையும். கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

கையூன்றி விழுந்து, கட்டை விரலடிப் பள்ளத்தில் தொட்டால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், வலி இருந்தால் 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி காட்டுங்கள். அங்கே ஒரு சின்ன எலும்பு விரிசல் விட்டு ஒளிந்திருக்கலாம். கை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் மட்டும் விரலெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 108.