புது டீச்சர்களுக்கு: 40 நிமிடத்தில் 25 தான் உங்களுக்கு

40 நிமிடப் பாடவேளைக்கு 40 நிமிடப் பாடம் தயாரித்துப் போகாதீர்கள். வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது, "மிஸ், பேனா எழுதல" எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. 25 நிமிடத்துக்குத் திட்டமிட்டு, கூடுதலாக இரண்டு கணக்கைக் கைவசம் வைத்திருங்கள்.

உள்ளே நுழைந்ததும் நேற்றைய பாடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் விடை எழுதும் நேரத்தில் வருகைப் பதிவு முடிந்துவிடும். தொண்டையும் தப்பிக்கும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸாக வரும், அதற்கு அர்த்தமே இல்லை. 'ஒரு கூடையில் 12 கிலோ காப்பிப் பழம், 5 கூடையில்?' என்று கொடுத்துவிட்டு, வரிசைகளுக்கு நடுவே நடந்து நோட்டைப் பாருங்கள். மூன்றில் ஒருவருக்குத் தப்பு என்றால் வேறு உதாரணத்தோடு மறுபடி நடத்துவதே சரி. யார் எங்கே சறுக்கினார்கள் என்பதைக் குறித்து வையுங்கள்: பெருக்கலா, கேள்வியைப் படிப்பதிலேயா? இரண்டுக்கும் மருந்து வேறு.

ஏற்காடு பக்கம் போஸ்டிங் என்றால் இன்னும் இரண்டு விஷயம். பனி, மழை நாளில் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் லேசில் காயாது. ஈரத்தில் எழுதியது மங்கலாக இருக்கும், காய்ந்தபின் தடமும் போகாது. உலர் துணியே போதும், சாக்பீஸை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வருகை குறையலாம். பின்னம் போன்ற அடிப்படைப் பாடத்தை அப்போது தொடங்காதீர்கள்.