‘தி க்ரூசிபிள்’ நாடகத்தில் தெரிந்த சொற்களே ஏமாற்றும் இடங்கள்

ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ ஆங்கில நாடகம், அமெரிக்க ஊர் ஒன்றில் சிறுமிகள் சிலர் ஊராரைச் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்ட, அதனால் நடந்த விசாரணைகளைப் பற்றியது. அதைப் பாடமாகப் படிப்பவர்கள் முதல் வேலையாகத் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு, பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதிவைப்பார்கள். ஒரு மாணவியின் பிரதியில் இரண்டாம் அங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்தில் சிறுமிகள் அலறி விழுந்தால் எதிரே நிற்பவர் ஜெயிலில் ‘க்ளாப்ட்’ ஆகிவிடுகிறார் என்று நாயகன் ஜான் ப்ராக்டரின் மனைவி எலிசபெத் சொல்லும் வரி. அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலில் ‘கைதட்டி’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அது தெரிந்த சொல், அதனால் அகராதியைத் தொடவே இல்லை. அங்கே அதற்குப் பொருள், பிடித்து உள்ளே தள்ளுவது.

இந்த நாடகத்தில் பெரும்பாலான சறுக்கல்கள் இப்படித்தான் வருகின்றன. தெரியாத சொல்லுக்கு நாம் நின்றுவிடுகிறோம், தெரிந்த சொல்லை அப்படியே தாண்டிவிடுகிறோம். மூன்றாம் அங்கத்தின் முடிவில் ப்ராக்டர் கத்தும் ‘க்வெயில்’ காடைப் பறவை இல்லை, பயந்து பின்வாங்குவது. ஊரே ஆவி ஆவி என்று ‘க்ரை’ செய்தது என்று ப்ராக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி வாரன் சொல்லும்போது யாரும் அழவில்லை, கூக்குரல் போடுகிறார்கள். அதே மூச்சில் அவள் சொல்லும் ‘ஸ்போர்ட்’, சும்மா விளையாட்டுக்குச் செய்தோம் என்று நாம் சொல்கிறோமே, அந்த விளையாட்டு. ‘குடி நர்ஸ்’ என்று வருவதைப் பார்த்து ரெபெக்காவை நல்ல செவிலியாக்கிவிடாதீர்கள். ‘குட்வைஃப்’ என்பதன் சுருக்கம்தான் ‘குடி’. சாதாரணக் குடும்பத்துத் திருமணமான பெண்ணுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல். நர்ஸ் என்பது அவர்கள் குடும்பப் பெயர்.

அடுத்தது ‘ஆவி’. தமிழில் படிக்கும் நமக்கு இங்கேதான் பெரிய பள்ளம். நமக்கு ஆவி என்றால் செத்தவருடையது. சேலத்தில் (நம் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது) 1692-ல் சிறுமிகள் பார்த்ததாகச் சொன்னது, உயிரோடு இருக்கும் ஒருவரின் உருவம் உடலை விட்டு வந்து தங்களைக் கிள்ளுகிறது, கடிக்கிறது, கழுத்தை நெரிக்கிறது என்பது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. அதை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. இது பிடிபடாவிட்டால் இரண்டாம் அங்கத்தின் பொம்மைக் காட்சி புரியவே புரியாது.

அந்தக் காட்சியை மெதுவாகப் பாருங்கள். மேரி வாரன் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோது தைத்த துணிப் பொம்மையை எலிசபெத்துக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். தைத்த ஊசியைத் தொலைந்துவிடாமல் பொம்மையிலேயே குத்திவைத்திருக்கிறாள். அவள் தைக்கும்போது பக்கத்தில் இருந்தவள், குற்றம் சாட்டும் சிறுமிகளின் தலைவி அபிகெயில். அன்று இரவுச் சாப்பாட்டில் அபிகெயில் அலறி விழுகிறாள். அவள் வயிற்றிலிருந்து ஊசி எடுக்கிறார்கள். எலிசபெத்தின் உருவம்தான் வந்து குத்தியது என்கிறாள். எலிசபெத் வீட்டை விட்டு நகரவே இல்லை, ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? வந்தது உடம்பு இல்லையே. இந்தப் பொம்மைக்கு நாடகத்தில் வரும் ‘பாப்பெட்’ என்ற சொல்லைப் பொம்மலாட்டப் பாவை என்று எழுதியவர்கள் இந்தக் கோர்வையையே இழந்துவிடுகிறார்கள்.

ஊசி குத்திய பொம்மை என்றதும் நமக்குப் பில்லி சூனியம் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். கேடு செய்தது மட்டும் அங்கே குற்றம் இல்லை. கடவுளை விட்டுச் சாத்தானோடு உடன்படிக்கை செய்து, அவன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதுதான் அடிப்படைக் குற்றம். அதனால்தான் ‘கன்ஃபெஷன்’ என்ற சொல் அங்கே தலைகீழாக வேலை செய்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை என்று நினைத்துப் படித்தால் நாடகம் முழுவதும் குழம்பும். ஆமாம், சாத்தானோடு இருந்தேன் என்றால் உயிர் பிழைக்கலாம். இல்லை என்று உண்மை சொன்னால் தூக்கு. ஒப்புக்கொள்பவரிடம் உடனே அடுத்த கேள்வி வரும்: கூட யாரைப் பார்த்தாய்? முதல் அங்கத்தில் அடிமைப் பெண் டிடுபா இப்படித்தான் பயந்துபோய் இரண்டு பெயர்களைச் சொல்கிறாள்.

தூக்கு என்றேன். சூனியக்காரிகளைத் தீயில் எரித்தார்கள் என்று விடைத்தாளில் எழுதுவது மிகப் பரவலான தவறு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் 5 பேர் ஆண்கள். ப்ராக்டர் ‘எரிவோம்’ என்று கத்துவது நரக நெருப்பை.

குற்றம் சாட்டப்பட்ட இன்னொரு ஊர்க்காரரான ஜைல்ஸ் கோரி வேறு விதமாகச் செத்தார். அவர் இரண்டு முறை வாயைத் திறக்க மறுக்கிறார், இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மூன்றாம் அங்கத்தில் தனக்குத் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுப்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகிறது. அப்புறம் தன்மேல் வந்த குற்றச்சாட்டுக்கு ஆம், இல்லை என்று எதுவுமே சொல்ல மறுக்கிறார். அதற்குத்தான் நெஞ்சில் கல் ஏற்றுகிறார்கள். பதில் சொல்லாததால் நிலம் பறிபோகாமல் பிள்ளைகளுக்குப் போகும் என்று நான்காம் அங்கத்தில் எலிசபெத் சொல்வாள்.

வரலாற்றையும் நாடகத்தையும் கலந்து எழுதுவதும் உண்டு. நாடகத்தில் அபிகெயிலுக்கு 17 வயது, ப்ராக்டர் முப்பதுகளில் இருப்பவர். உண்மையில் அவள் 11 அல்லது 12 வயதுச் சிறுமி, அவருக்கு ஏறக்குறைய 60. அவர்களுக்குள் இருந்த உறவு மில்லரின் கற்பனை. அதேபோல, மில்லர் விசாரிக்கப்பட்ட கோபத்தில் இதை எழுதினார் என்பதும் தவறு. நாடகம் மேடையேறியது 1953 ஜனவரியில். கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழு அவரை அழைத்தது 1956-ல். கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன மெக்கார்த்தி செனட்டர், அதாவது மேலவைக்காரர், அந்தக் குழுவில் அவர் இல்லை. குழு கேட்டதும் மற்றவர்களின் பெயர்களைத்தான். மில்லர் சொல்லவில்லை.

தலைப்பைச் ‘சோதனை’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மூசைதான் க்ரூசிபிள். கசடு பிரிந்து போகும், பொன் நிற்கும். இங்கே மூட்டிய தீ எல்லா மறைப்பையும் உருக்கிவிடும் என்று நீதிபதி டான்ஃபோர்த் நீதிமன்றத்தில் சொல்லும் இடத்தில் தலைப்பின் பொருள் அவர் வாயிலேயே வருகிறது.

கடைசியாக ஒரு சின்னச் சொல், ‘நேம்’. நான்காம் அங்கத்தில் ப்ராக்டர் பொய் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தைத் தர மறுக்கிறார். தேவாலயக் கதவில் ஒட்டப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வாயால் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்களே, காகிதம் எதற்கு என்று மன்றாடுகிறார். இங்கே ‘பெயர்’ என்று எழுதினால் ஜான் என்ற பெயர்தான் மனதில் வரும். ‘பேர் கெட்டுப்போச்சு’ என்கிறோமே, அந்தப் பேர். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், நண்பர்களை விற்றுவிட்டு அவர்களுக்கு எதைச் சொல்லித் தருவேன் என்று கேட்டுவிட்டு, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறார்.