சர்வீஸ் முடித்ததும் பின்பால் மெஷின் ஓட மறுத்தால் எங்கே தேடுவது?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் என் பின்பால் மெஷின், அதாவது சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி, நிற்கிறது. சிகாகோவின் பாலி கம்பெனி 1970களின் கடைசியில் செய்தது. போன மழைக்காலத்தில் அதை முழுக்கப் பிரித்துத் துடைத்து, ரப்பர் வளையங்களை மாற்றி, பாப் பம்பர் (பந்து பட்டதும் திருப்பி அடிக்கும் குமிழ்) ஒன்றில் கருகிக் கிடந்த காயிலுக்கு (கரண்ட் வந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள்) புதுசு போட்டு மூடினேன். சோதித்துப் பார்த்தபோது அந்தப் பம்பர் அடிக்கவில்லை. மறுபடி போட்டால் விளக்கெல்லாம் எரிகிறது, ஆட்டம் தொடங்குகிறது, பந்தைத் தட்டும் கைகளான ஃப்ளிப்பர் இரண்டும் அடிக்கிறது. பந்து மட்டும் குழியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் போர்டுகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். மண்ணடியில் மோட்டார் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, போர்டை ஏன் நோண்டுற? நீ கடைசியா ஈயம் வச்ச இடத்தைக் காட்டு."

சர்வீசுக்கு முன்னால் ஓடிய மெஷின், சர்வீசுக்குப் பிறகு ஓடவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த வரிசையில் தேடினால் வீண் செலவும் இல்லை, நல்ல போர்டும் கெடாது.

முதலில் உயிர், அப்புறம் மெஷின்

மெயின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எண் காட்டும் திரைகளுக்கு இந்த மெஷினில் ஏறத்தாழ 190 வோல்ட் போகிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். ஐந்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் பெரும்பாலும் 115 வோல்ட்டுக்குக் கட்டியிருக்கும். நம் வீட்டுக் கரண்ட் 230. உள்ளே டிரான்ஸ்பார்மரில் ஜம்பர் மாற்றியிருக்கிறார்களா, வெளியே வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி வைத்திருக்கிறார்களா என்று தெரியாமல் பிளக்கைச் செருகவே கூடாது.

கண்ணால் பாருங்கள்

ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து, நீங்கள் வேலை செய்த இடத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். உதிர்ந்த ஸ்க்ரூ எங்காவது இரண்டு முனைகளுக்கு நடுவில் கிடக்கிறதா? பல்பு ஹோல்டர் வளைந்து பக்கத்து சுவிட்சைத் தொடுகிறதா? கனெக்டர் ஒரு பின் தள்ளிச் செருகியிருக்கிறதா? இந்தக் கடைசித் தப்பு ஒரே நொடியில் போர்டைக் காலி செய்துவிடும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்று சும்மா விடாது. கனெக்டர் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். சர்வீசின்போது கழற்றி மாட்டியதில் அந்தப் பிடிப்பு இன்னும் தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை உருவிச் செருகுங்கள். பின் கறுத்திருந்தால் தேய்த்துக்கொண்டிராமல் புதுப் பின்னே போட்டுவிடலாம்.

ஃபியூஸ்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கம்பி நன்றாகத் தெரியும், மீட்டரில் ஓடாது. ஹோல்டரிலிருந்து ஒரு முனையாவது வெளியே எடுத்து அளக்க வேண்டும். போர்டுகள் இருக்கும் பின்பெட்டியில் உள்ளவற்றைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தக் காலத்துப் பாலி மெஷின்களில் ஆட்டப் பலகைக்கு அடியிலேயே 1 ஆம்பியர் ஸ்லோ புளோ (கொஞ்சம் தாமதித்துப் போகும்) ஃபியூஸ் ஒன்று தனியாக ஒளிந்திருக்கும். ஃப்ளிப்பரை விட்டுவிட்டுப் பலகையிலுள்ள மற்றக் காயில்களுக்கு அதுதான் காவல். என் மெஷினில் போனது அதுதான். ஃப்ளிப்பர் அடித்துக்கொண்டே இருந்ததால் கரண்ட் வருகிறது என்று நம்பிவிட்டேன்.

போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி இழையைச் சுற்றுகிற பழக்கம் நம் தெருவில் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். ஹோல்டர் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுதான், அதற்கு மேல் வேண்டாம்.

புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகிறதா? அப்படியானால் ஷார்ட் இருக்கிறது.

காயிலும் டயோடும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு காயிலிலும் வயர் ஈயம் வைக்கும் இரண்டு காதுகளுக்கும் குறுக்கே 1என்4004 போன்ற, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு சின்னக் கறுப்பு டயோடு இருக்கும். அதன் ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கோடு உள்ள பக்கம் பவர் வரும் காதில் இருக்க வேண்டும். பவர் வயர் காயிலிலிருந்து காயிலுக்குத் தாவிப் போவதால் பெரும்பாலும் அந்தக் காதில் இரண்டு வயர் இருக்கும். மற்றக் காதில் ஒற்றை வயர், அது காயிலுக்குச் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டருக்குப் போகிறது.

புதுக் காயில் போடும்போது இந்த வயர்களை இடம் மாற்றி ஈயம் வைத்துவிட்டால், காயில் அடிக்க வேண்டிய நொடியில் கரண்ட் காயிலுக்குள் போகாமல் டயோடு வழியாக நேரே டிரான்சிஸ்டருக்குப் பாயும். ஃபியூஸ் போகும், கூடவே டிரான்சிஸ்டரும் போகலாம். பெரியவர் விரலை வைத்த இடம் இதுதான். மஞ்சள் வயர் இரண்டும் கோடு இல்லாத பக்கத்தில் பளபளவென்று என் ஈயத்தோடு உட்கார்ந்திருந்தன.

வயரைச் சரிசெய்த பிறகு டிரான்சிஸ்டரையும் பாருங்கள். கரண்ட் இல்லாத நிலையில், மீட்டரை டயோடு நிலையில் வைத்து, அதன் உலோகத் தகட்டுக்கும் ஓரக் கால்களுக்கும் நடுவே அளக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் அது போய்விட்டது. டயோடையும் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றுமில்லை. காயிலையும் அளக்க வேண்டும். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் உள்சுற்று கருகி ஒட்டியிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் புது டிரான்சிஸ்டர் போட்டால் அதுவும் போகும்.

மறுபடி கரண்ட் கொடுக்கும் முன்

நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியஸ் பல்பு போர்டு இங்கே அருமையாக உதவும். 100 வாட் குண்டு பல்பை மெயினோடு தொடராக இணைத்து, மெயின் ஃபியூஸைத் தவிர மெஷினின் மற்ற உள் ஃபியூஸ்களை எல்லாம் கழற்றிவிட்டுப் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்க வேண்டும். பிறகு அணைத்து ஒரு ஃபியூஸ், மறுபடி அணைத்து இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். விளக்குகளுக்கான ஃபியூஸைப் போட்டால் பல்பு வெளிச்சம் கூடுவது இயல்பு. எந்த ஃபியூஸைப் போட்டதும் முழு வெளிச்சத்தில் எரிந்து அப்படியே நிற்கிறதோ, அந்த வழியில் ஷார்ட்.

ஷார்ட் இல்லை என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுங்கள். எந்தக் காயிலாவது இழுத்தபடியே நின்று வாடை வந்தால் உடனே அணையுங்கள்.

போர்டே சொல்லும்

பாலியின் அந்தத் தலைமுறை மெயின் போர்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி. இருக்கிறது. கரண்ட் வந்ததும் லேசாக ஒரு துடிப்பு, பிறகு ஏழு முறை மின்ன வேண்டும். முதல் மின்னல் ரோம், இரண்டும் மூன்றும் ரேம், நான்கும் ஐந்தும் வெளித்தொடர்பு சிப்கள், ஆறு திரைக்கான டைமர், ஏழு 43 வோல்ட். ஆறோடு நின்றால் போர்டைக் குறை சொல்லாமல் காயில்களுக்கான 43 வோல்ட் ஃபியூஸைப் பாருங்கள். மின்னலே இல்லாவிட்டால் 5 வோல்ட்டை அளக்க வேண்டும். 4.9க்கும் 5.2க்கும் நடுவில் இருந்தால் நல்லது.

ஏழும் வந்துவிட்டால் காசுக் கதவுக்குள் இருக்கும் சோதனைப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு, திரை, காயில் என்று ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும். கடைசியில் ஏதாவது சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் எண்ணைச் சொல்லும். துடைக்கும்போது துணி மாட்டி வளைந்த இலைச் சுவிட்ச்தான் பெரும்பாலும் சிக்கும். இடைவெளி விட்டு வளைத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கீற்று வெட்டி, முனைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுங்கள். அழுக்கு அட்டையோடு வந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம், தங்க முலாம் போய்விடும். ஃப்ளிப்பரின் கடைமுனைச் சுவிட்சுக்கோ டங்ஸ்டன் முனை, அதற்குச் சின்ன அரம் போடலாம்.

அந்தச் சுவிட்சைத் தவறவிடாதீர்கள். ஃப்ளிப்பர் முழுக்க ஏறியதும் அது ஏறத்தாழ 3 மி.மீ. திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் காயில் முழுக் கரண்டை வாங்கிக் கருகும்.

கண்ணாடி போடாமல் அரை மணி நேரம் ஆடுங்கள். பிளக்கை உருவிவிட்டு ஃப்ளிப்பர் காயில்களில் விரல் வையுங்கள். விரலை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி அந்தச் சுவிட்ச். வெதுவெதுப்பு மட்டும் என்றால் கண்ணாடியைத் தள்ளி மாட்டிவிடலாம்.