லெதர் கோரலின் தண்டில் ஏதோ முளைத்திருக்கிறதா? பிளேடை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் டோட்ஸ்டூல் லெதர் கோரல் என்ற மென்பவளத்தை வளர்க்கிறவர்களுக்கு இந்தப் பயம் ஒருநாள் வந்தே தீரும். காளான் குடை மாதிரியான தலைக்குக் கீழே, நேற்றுவரை வழவழவென்றிருந்த தண்டில், பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. என் தொட்டியில் அதைப் பார்த்த அன்றே பிளேடைத் தேடி எடுத்துவிட்டேன். வெட்டாமல் விட்டதற்குப் பொறுமை காரணமில்லை, சோம்பேறித்தனம்தான். மூன்று வாரம் கழித்து அந்தப் புடைப்பின் உச்சியில் குட்டிக் குட்டியாகப் பாலிப்புகள், அதாவது பவளத்தின் பூ மாதிரியான வாய்கள், விரிந்தன. கட்டி இல்லை, குட்டி!

அதனால் முதலில் பார்க்க வேண்டும், கை வைப்பதெல்லாம் அப்புறம்.

1. வெள்ளை வெளிச்சத்தில் படம் எடுங்கள்

நீல விளக்கில் எல்லாமே அழகாக மின்னும், எதுவும் சரியாகத் தெரியாது. வெள்ளை விளக்கை மட்டும் எரியவிட்டு, பம்பை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் இருந்து ஒரு படம். நான்கு நாள் கழித்து அதே இடத்தில் இருந்து இன்னொன்று. வளர்கிறதா, பரவுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

2. தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள்

ஊசி இல்லாத சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே எடுத்து மெதுவாக அடியுங்கள். மெழுகுத்தாள் மாதிரி ஏடு ஏடாக உரிந்தால் நோய் இல்லை. லெதர் கோரல் அவ்வப்போது பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, பளபளவென்று ஒரு படலத்தைப் போர்த்தி, சில நாளில் அதை உரித்துத் தள்ளும். மேலே ஒட்டும் பாசியையும் அழுக்கையும் உதறும் வழி அது. சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

சிவப்போ கருஞ்சிவப்போ நிறத்தில் சளி மாதிரி கழன்றால் அது சயனோபாக்டீரியா, பாசி மாதிரி படரும் நுண்ணுயிர். காலையில் குறைந்தும் சாயங்காலம் மண்டியும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடித்தும் அசையாவிட்டால் அடுத்த படி.

3. கைகளை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான படி. பூதக்கண்ணாடியோ போனின் ஜூமோ போதும். லெதர் கோரல் எண்கைப் பவள வகையைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு பாலிப்பிலும் சரியாக 8 கைகள் இருக்கும், ஒவ்வொரு கையின் இரு ஓரத்திலும் இறகு மாதிரி சிறு கிளைகள் இருக்கும். புடைப்பின் மேல் விரிகிற பாலிப்பிலும் இதையே பார்த்தால் அது தாயின் சொந்தக் கிளை. நிம்மதியாகத் தூங்கலாம்.

கை விரித்த பாலிப்பே இல்லாமல் சிறு சிறு புள்ளிகள் மட்டும் தெரிந்தாலும் பதற வேண்டாம். இந்தக் கோரலில் இரண்டு வகைப் பாலிப்புகள் உண்டு. கை விரிப்பவை ஒரு வகை. உடலுக்குள் தண்ணீரைச் செலுத்தும் வேலையை மட்டும் பார்ப்பவை இன்னொரு வகை. அந்தப் புள்ளிகள் இரண்டாவது வகை. புதிதாக வாங்கியவர்கள் இதைத்தான் 'பரு' என்று சொல்லிப் படம் அனுப்புவார்கள்.

கைகள் எட்டைத் தாண்டி, இறகில்லாமல் வழவழப்பாக, நுனி கூர்ந்து, தொட்டதும் சட்டென்று துளைக்குள் ஒளிந்தால் அது ஐப்டேசியா, தொட்டியில் களை மாதிரி பெருகும் கடல் அனிமோன். பெரும்பாலும் தண்டும் கல்லும் சேரும் இடத்தில்தான் உட்காரும். அதைச் சுரண்டவே கூடாது, ஒட்டியிருக்கும் துணுக்கில் இருந்தே மறுபடி முளைக்கும். சுண்ணாம்புப் பசையை அதன் வாயில் வைப்பதோ, பெப்பர்மின்ட் இறால் விடுவதோ நல்லது.

கல்லைப் போல் கெட்டியான சிறு குழாய், அதிலிருந்து சிலந்தி நூல் மாதிரி சளி மிதந்தால் வெர்மெட்டிட் நத்தை. குழாயின் வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடைத்துவிடுங்கள்.

அடியில் பட்டன் மாதிரி வட்டப் பாலிப்புகள் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அவை ஜோவாந்திட்கள் என்ற வேறு வகை உயிர்களாக இருக்கலாம். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கொடிய விஷத்தைக் கொண்டவை. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் கல்லைக் கொதிக்க வைக்கும் யோசனையே வேண்டாம், ஆவியும் ஆபத்து.

4. ராத்திரி ஒருமுறை எட்டிப் பாருங்கள்

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, போன் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு போங்கள். பகலில் பாலிப் மாதிரியே நடித்த வெள்ளைப் பூச்சி ஒன்று நகர்ந்து போகக்கூடும். மென்பவளம் தின்னும் ஓடில்லா நத்தை அது. முதுகில் இருக்கும் கிளைகளால் கோரலோடு கலந்துவிடும். பக்கத்திலேயே சுருள் நாடா மாதிரி முட்டைகள் இருக்கும். கையால் எடுங்கள், கோரலை டிப் செய்யுங்கள், அதாவது பூச்சி விரட்டும் மருந்து கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். முட்டை டிப்புக்குப் பெரும்பாலும் அசையாது என்பதால் வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

5. எப்போது அவசரம்?

பழுப்பு ஜெல்லி, தொட்டால் கூழாகிற சதை, முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். இந்த மூன்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, அழுகலுக்கு அப்பால் நல்ல சதை வரை உள்ளே சென்று வெட்டுங்கள். கையுறை கட்டாயம். வெட்டுப்பட்ட லெதர் கோரல் தண்ணீரில் ரசாயனங்களைக் கசியவிடும், மற்ற பவளங்களுக்கு அது ஆகாது. ஃபில்டரில் புது கரி போடுங்கள்.

கூடவே தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். உப்பு அடர்த்தி 1.025 அல்லது 1.026, வெப்பம் 25-26 டிகிரி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8-9 டிகேஎச் என்ற அளவில் இருந்தால் போதும். நைட்ரேட் சுத்தமாக 0 என்று காட்டினால் பெருமைப்பட ஒன்றுமில்லை, மென்பவளத்துக்கு அது கொஞ்சம் வேண்டும்.

6. குட்டி என்றால்?

விட்டுவிடலாம், தாயோடு சேர்ந்தே வளரும். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் அரை நெல்லிக்காய் அளவாவது வரட்டும். கூர்மையான பிளேடால் ஒரே வெட்டு. குளூவை நம்பாதீர்கள், அந்தச் சளியில் அது நிற்காது, மறுநாள் காலை குட்டி பம்பின் வாயில் கிடக்கும். சின்னக் கிண்ணத்தில் சிறு கல் துண்டுகளைப் பரப்பி, அதன் மேல் குட்டியை வைத்து, வாயை வலைத் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, நீரோட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் ஏதாவது ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். வலையைக் கழற்றும்போது எந்தக் கல்லைப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் கல்லோடு தூக்குங்கள்.