மிருகக்காட்சிசாலைக்குப் போகும் நாளில் சாப்பாடு: வண்டலூர் முதல் பின்னவல வரை

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோடு ஊருக்கு வருபவர்கள் ஒரு முழு நாளை மிருகக்காட்சிசாலைக்கு ஒதுக்குவது வழக்கம். அந்த நாளின் சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் பழகிய பழக்கத்தில், உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு நுழைகிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, பசியில் சிணுங்கும் பிள்ளைக்குக் காலையில் பொரித்த சமோசாவை வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. உள்ளே நல்ல சாப்பாடே கிடைக்காது என்று சொல்லவில்லை. எதை எத்தனை மணிக்கு வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூங்காக் கடைகளின் நிலையைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். சனி ஞாயிறுகளிலும் காணும் பொங்கலிலும் கூட்டம் அலைமோதும். புதன்கிழமை அதே கடையில் ஈ ஓட்டுவார்கள். எவ்வளவு விற்கும் என்று கடைக்காரருக்கே தெரியாதபோது, கெடாமல் கிடக்கும் பொருட்களைத்தான் அதிகம் வாங்கி வைப்பார். சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம், ஐஸ்கிரீம், பாப்கார்ன் என்று எங்கு போனாலும் ஒரே பட்டியல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சமைத்த உணவு பல இடங்களில் வெளியே தயாராகி, காலையில் ஒரே தடவையாக வந்து இறங்குகிறது. மதியம் நீங்கள் வாங்கும் தக்காளி சாதம் அதிகாலையில் கிளறியதாக இருக்கலாம்.

சோற்றில் உள்ள ஆபத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஆபத்தான வெப்பநிலை. சமைத்த உணவு அந்த வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 பாகைக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் வரும் ஜூலை, ஆகஸ்டில் சென்னையின் பகல் அப்படித்தான் இருக்கும். ஆகவே உள்ளே சோறு வாங்குவதானால் ஆவி பறக்க வேண்டும். பிரியாணி அண்டா அடுப்பில் இருக்கிறதா, வெறும் மேசையில் துணி போர்த்திக் கிடக்கிறதா என்று பாருங்கள். மேசையில் கிடந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கண் முன்னால் சமைப்பவை நல்லவை: தோசை, ஆம்லெட், கொத்து ரொட்டி, சட்டியிலிருந்து எடுக்கும் பஜ்ஜி. எண்ணெயைக் கவனியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொரிக்கும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகும் கெட்ட பொருட்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உங்களிடம் அதை அளக்கும் கருவி இருக்காது, கண்ணும் மூக்கும் போதும். எண்ணெய் கறுத்திருந்தால், ஓரத்தில் நுரை அடங்காமல் நின்றால், பண்டம் போடுவதற்கு முன்பே புகைந்தால், அது பல முறை காய்ந்த எண்ணெய். தேங்காய்ச் சட்னியை ஒதுக்குங்கள். அரைத்த பச்சைத் தேங்காய் மூன்று நான்கு மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. கொதிக்கும் சாம்பாரோடு சாப்பிடலாம், வடையை வெறுமனேயும் தின்னலாம். செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வாழையிலையோ தட்டோ கேளுங்கள். சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்து உணவில் ஏற்றிவிடும்.

நறுக்கிய வெள்ளரி, மாங்காய், அன்னாசி பார்வைக்கு அழகாக இருக்கும். அவற்றைக் கழுவிய வாளித் தண்ணீர்தான் சிக்கல். வாழைப்பழம், ஆரஞ்சு, கொய்யா போன்றவற்றை முழுதாக வாங்கி நீங்களே உரியுங்கள், கழுவுங்கள். இளநீரை உங்கள் எதிரில் வெட்டிக் கொடுத்தால் அதைவிடப் பாதுகாப்பான பானம் வெயிலில் வேறில்லை. முன்பே வெட்டி ஊற்றி வைத்த இளநீர் வேண்டாம். கரும்புச் சாறு, சர்பத், மோர் மூன்றிலும் கலக்கும் தண்ணீரும் ஐஸும்தான் நோய் தருபவை. ஐஸ் இல்லாமல் தரச் சொன்னாலும் தண்ணீர் கலந்திருக்கும். மோர் குடித்தே ஆகவேண்டுமானால் முத்திரையிட்ட ஆவின் பாக்கெட் வாங்கலாம். இலங்கையில் ஹைலண்ட் என்ற பெயரில் வரும் தயிரும் பாலும் அதே மாதிரி நம்பலாம்.

ஐஸ்கிரீமில் ஒரு சோதனை உண்டு. உறையை விரலால் அழுத்திப் பாருங்கள். கோன் ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ உறைக்குள் ஐஸ் துகள்கள் நரநரத்தாலோ அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. மின்வெட்டில் இப்படி ஆகும். மதியத்தில் இது அதிகம்.

பஞ்சு மிட்டாய் கேட்டு பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை சென்னையில் எடுத்த மாதிரிகளில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருந்தது கண்டறியப்பட்டு, மாநிலம் முழுவதும் விற்பனை தடை செய்யப்பட்டது. யாராவது வாசலில் ரோஜா நிறத்தில் விற்றால் வாங்க வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைசையும் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தார்கள். தடை இருக்கிறதோ இல்லையோ, வெயிலில் நிற்கும் பர்கர் கடையில் மயோனைஸ் இல்லாமல் கேட்பதே நல்லது.

தமிழ்நாடு

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். நடந்தே பார்ப்பது பெரியவர்களுக்கே சிரமம். பசி எடுத்த இடத்தில் கடை இருக்காது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அப்படியே. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. வண்டலூருக்குப் போகும் நாளில் காலை உணவைத் தாம்பரத்தில் ஒரு சைவ உணவகத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மின்சார ரயிலிலோ வாடகைக் காரிலோ திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். உள்ளே வாங்கும் சூடான உணவை 12 மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முத்திரையிட்டது, தோலுரிப்பது, கொதிக்கும் தேநீர் மட்டும்.

மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பாலித்தீன் பையில் கட்டிய பார்சல் அங்கேயே நின்றுவிடும். எவர்சில்வர் டப்பா, துணிப்பை, எஃகுத் தண்ணீர்க் குப்பி எடுத்துப் போங்கள். வெளிச் சாப்பாடு எந்தெந்த இடம் வரை அனுமதி என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா என்பதையும் கேளுங்கள்.

இலங்கை

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளவத்தை பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. காலி வீதியின் சைவக் கடைகளில் இடியப்பமோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் போனால், பார்த்து முடித்து மதியச் சாப்பாட்டுக்கும் அங்கேயே திரும்பலாம். உள்ளே ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், மரக்கறி ரொட்டி போன்றவை கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அவற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. எப்போது வந்தது என்று கேளுங்கள். பத்து மணிக்கு வந்த மீன் ரோல்ஸை மூன்று மணிக்கு வாங்க வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு சேர்ப்பது சாதாரணம், மரக்கறி ரோல்ஸைப் பொரித்த எண்ணெயில்தான் மீன் ரோல்ஸும் பொரிந்திருக்கும்.

குளிர்பானப் போத்தலில் உள்ள வட்டத்தின் நிறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 2016 முதல் இலங்கையில் சீனியின் அளவை நிறத்தால் குறிக்க வேண்டும். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. தண்ணீர்ப் போத்தலில் இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்க வேண்டும், மூடி திறக்கும்போது வளையம் உடையும் சத்தம் கேட்க வேண்டும்.

பின்னவல யானைக் காப்பகத்தின் யானைகள் ஆற்றுக்கு இறங்கும் நேரத்தில் மா ஓயாக் கரையிலுள்ள உணவகங்கள் நிரம்பிவிடும். காட்சிக்காகத்தான் அங்கே விலை. ஒரு தேநீர் வாங்கி உட்கார்ந்து யானைகளைப் பாருங்கள். சோற்றைக் கேகாலை வீதியில் மக்கள் சாப்பிடும் கடையில் வைத்துக்கொள்ளலாம்.

கையில் கட்டிக்கொண்டு போவது

கட்டுச்சோறுதான் சிறந்தது. நான்கு பேருக்கு 400 கிராம் அரிசியை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக் காய்ச்சிய புளிக்காய்ச்சலையும் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயையும் சேர்த்துக் கிளறுங்கள். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி நீராகி மூடியிலிருந்து சொட்டும். மதியத்தில் சோறு கொழகொழத்துப் போவது அதனால்தான். புளிப்பு கிருமிகளைத் தடுக்கும், வெறும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. தயிர் சாதத்துக்கு ஒரு கப் சோற்றில் ஒன்றரை கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு மேசைக்கரண்டி தயிர் என்று காலையில் கலந்தால் மதியம் பதமாக உறைந்திருக்கும். தயிரை மட்டும் கலந்தால் வாயில் வைக்க முடியாமல் புளித்துவிடும். வெங்காயமும் வெள்ளரியும் சேர்க்க வேண்டாம்.

விடுதியில் தங்குபவர்கள் உணவகத்தில் இட்லிப் பார்சல் வாங்கும்போது, "சட்னி வேண்டாம், பொடியும் எண்ணெயும் போதும்" என்று சொன்னால் போதும். இலங்கையில் ரொட்டியும் மாசி போடாத சீனிச் சம்பலும் அதே மாதிரி தாங்கும். பச்சைத் தேங்காய்ச் சம்பல் தாங்காது.

குரங்கு இருக்கும் இடத்தில் டப்பாவைத் திறக்காதீர்கள். கூண்டில் இல்லாத குரங்குகளே பையைப் பறிப்பவை. மிச்சத்தை விலங்குகளுக்குப் போடுவது அன்பு என்று நினைக்கும் பெரியவர்கள் நம்மிடம் அதிகம். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, மிருகக்காட்சிசாலை விலங்குக்கு உணவு கொடுப்பதைக் குற்றமாக்குகிறது. உப்பும் எண்ணெயும் அவற்றின் குடலைக் கெடுக்கும், உறை தொண்டையில் சிக்கினால் உயிரே போகும். பாட்டி தாத்தாவுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காசு விஷயத்தில், இந்தியாவில் சிறு கடைகள் கைபேசியில் பணம் செலுத்தும் யூபிஐக்குப் பழகிவிட்டன, வெளிநாட்டு அட்டையை எடுப்பது அரிது. 10, 20, 50 ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். போத்தலில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் குளிரூட்டிய கட்டணம் என்று கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. இலங்கையில் நுகர்வோர் அதிகாரசபையின் எண் 1977.

கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் கடையில் "கடலை எண்ணெயா?" என்று கேட்டே வாங்குங்கள். தமிழ்நாட்டில் அது சாதாரணப் பொரிக்கும் எண்ணெய், புளியோதரையிலும் முழுக் கடலை இருக்கும். கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெஃப்ரின் ஊசியை வெயில் படும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், வெப்பத்தில் மருந்து வீரியம் இழக்கும்.

வயிற்றோட்டம் தொடங்கினால் முதல் வேலை உப்புச் சர்க்கரைக் கரைசல். இலங்கையில் மருந்துக்கடையில் ஜீவனி என்று கேளுங்கள். இந்தியாவில் உலகச் சுகாதார நிறுவன அளவு என்று எழுதிய பொடியை வாங்கி, பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவு சுத்தமான தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். பாதிப் பொடியைப் பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பின் அளவு பிசகும். பழச்சாறு போல் டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. அதிக சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும். பொடி கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. மலத்தில் இரத்தம், அடங்காத காய்ச்சல், பிள்ளை ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அவசர ஊர்திக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.