காண்ட்ராக்டர் இல்லாமல் சொந்த வீடு: வானம் தோண்டுவது முதல் தார்சு வரை

பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் மேஸ்திரியிடம் பேசிக் கட்டுவது கொங்குப் பக்கம் பழகிய முறைதான். காண்ட்ராக்டரின் லாபம் மிச்சமாகும். (வானம் என்பது அஸ்திவாரக் குழி; தார்சு என்பது கான்கிரீட் கூரை, அதாவது ஸ்லாப்.) அவர் பார்க்க வேண்டிய அளவு, எடை, நாள் கணக்கு மூன்றும் உங்கள் தலையில் விழும்.

1. அனுமதியும் பேச்சும்

மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும், மாடி ஒன்றுக்கு மேல் போகாமலும் இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். கம்பி வரைபடத்தை மட்டும் இன்ஜினியரிடம் காசு கொடுத்துப் போடுங்கள். மேஸ்திரியின் அனுபவம் அதற்கு ஈடாகாது.

கூலி பேசும்போது சாரம், சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை), மிக்சர், வைப்ரேட்டர், டீசல் யார் செலவு என்பதை எழுதி வாங்குங்கள். பாதியில் வரும் சண்டையெல்லாம் இதில்தான் வரும். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாலும் கொடுத்த மொத்தம் முடிந்த வேலையைத் தாண்டக் கூடாது. கடைக்கால், பேஸ்மெண்ட் (தரைக்கு மேல் எழுப்பும் அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட் பட்டை), தார்சு, பூச்சு என ஒவ்வொரு கட்டத்துக்கும் தொகையைப் பிரித்து வையுங்கள்.

2. மண்

கோடையில் கை நுழையுமளவு வெடித்தால் அது கரிசல். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, சுவரைக் கோணலாகப் பிளக்கும். "நாலடி போதும்" என்று நிறுத்தாமல், கரிசல் தீர்ந்து சுக்கான்கல்லோ கெட்டிக் கிராவலோ தட்டும்வரை வானம் போக வேண்டும். அதிக ஆழத்துக்குக் கரிசலே வந்தால் தோண்டுவதை நிறுத்தி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பேஸ்மெண்ட் நிரப்ப, தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்ட விடாதீர்கள். கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடியுங்கள்.

3. பொருள்

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி கொட்டுவதற்கு முன் டேப்போடு ஏறுங்கள்: உள்ளளவு 12 × 7 அடி, மணல் 3 அடி உயரம் என்றால் 252 கன அடி, அதாவது இரண்டரை யூனிட். பில்லில் மூன்று என்றிருந்தால் அங்கேயே பேசுங்கள். கொட்டிய பிறகு குவியலை அளக்க முடியாது. கல்லை உடைத்து எடுக்கும் மணலில், எம் சாண்ட் கான்கிரீட்டுக்கு, அதைவிட நைசான பி சாண்ட் பூச்சுக்கு. 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 888 கிராம். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். செங்கல்லை ஒரு நாள் ஊறவைத்தால், மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது.

தண்ணீரைப் பலர் சோதிப்பதில்லை. சாயக்கழிவு ஓடிய நொய்யல் கரையில், முக்கியமாகத் திருப்பூருக்குக் கிழக்கே, போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரில் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் கான்கிரீட் பெயரும். ஆய்வகத்தில் குளோரைடு பாருங்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமே உச்சவரம்பு. மீறினால் டேங்கர் தண்ணீர்தான் வழி.

4. தார்சு போடும் நாள்

ஆயிரம் சதுர அடி, 5 அங்குலக் கனம், 1:1½:3 கலவை (சிமெண்டு, மணல், ஜல்லி): ஸ்லாபுக்கு மட்டும் சிமெண்டு 95 மூட்டை, எம் சாண்ட் 2 யூனிட், ஜல்லி 4 யூனிட். பீமுக்குத் தனி. பத்து மூட்டை கூடவே இறக்குங்கள். நடுவில் தீர்ந்து வேலை நின்றால் அந்த இடத்தில் ஒட்டு விழுந்து பின்னால் ஒழுகும்.

சட்டிக் கணக்கு வேண்டாம். உள்ளளவு 15 × 12 × 12 அங்குலத்தில் ஒரு பலகைப் பெட்டி செய்தால் அது சரியாக ஒரு மூட்டை சிமெண்டின் கொள்ளளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமென்றால் இன்னும் குறையும். வெயில் ஏறியதும் "கலவை ஓடலைங்க, இன்னொரு குடம் ஊத்துங்க" என்று மேலிருந்து குரல் வரும். அந்தக் குடம்தான் தார்சின் பலத்தைத் தின்பது. மிக்சர் பக்கத்திலேயே நின்று, கோடு போட்ட வாளியில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

சன்ஷேடையும் பால்கனியையும் கண்ணால் பாருங்கள். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆள் மிதித்துக் கீழே அமுங்கினால், பலகை பிரிக்கும் நாளில் சன்ஷேடே கழன்று விழும். அடியில் கம்பி நாற்காலி (கம்பியை வளைத்துச் செய்த தாங்கி) வைத்து, மிதிக்காமல் நடக்கப் பலகை போடுங்கள்.

5. ஆடிக் காற்றும் நீராற்றலும் (கியூரிங்)

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் கான்கிரீட் கெட்டியாவதற்குள் மேல்தோல் காய்ந்து, மயிரிழை வெடிப்பு ஓடும். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிருங்கள். முடியாவிட்டால் விடியலில் ஆரம்பித்து, மட்டம் தட்டிய பகுதியை உடனுக்குடன் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள்; காற்றுக்காலத்தில் பதினான்கு. முட்டு பிரிக்க ஸ்லாபுக்கு 14 நாள், பீமுக்கு 21 நாள் விடுங்கள். சன்ஷேடு முட்டுகளை நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும்.